தண்ணிக்குப் போற புள்ளைங்களோட அம்மா அப்பாவுக்கு

எங்க தோட்டத்துப் பக்கம் ஒரு புள்ள, "என்னய நீச்சல் டீம்ல சேர்த்திருக்காங்க" என்று வீட்டில் போய்ச் சொன்னால் வருகிற முதல் கேள்வி, "என்னாத்துக்கு?" இரண்டாவது, "முங்கிட்டா யாரு பொறுப்பு?" இரண்டுமே நியாயமான கேள்விதான். ஆனா அதுக்குப் பதில் சொல்ல யாரும் லயத்துக்கு வந்ததில்ல. ஒரு கடிதம் வரும், கையெழுத்துக் கேட்கும், முடிஞ்சிது.

நாங்க நாலு பேர். பசறையைச் சுற்றி வேற வேற தோட்டம். ஒரே காலத்தில் நீச்சல் பழகினோம். இப்ப எங்க தம்பி தங்கச்சிமாரோட முறை. அவங்க அம்மா அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறோம். கொழுந்து நிறுத்துக் கொடுத்திட்டு வந்து சோறாக்குறவங்களுக்கு இதை வாசிக்க எங்க நேரம்? வாசிக்கிற நீங்க வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டுங்க.

முதலில் அந்த இரண்டாவது கேள்வி. நமக்குத் தண்ணி என்றால் பீலி, ஆறு, அருவி. பீலியில் குளிக்க நீச்சல் தெரியத் தேவையில்ல. ஆறும் அருவியும் வேற. லீவு நாளில் துன்ஹிந்த, தியலும என்று கூட்டாளிமாரோடு போன பையன் வீடு திரும்பாத கதை நம்ம பக்கம் புதுசில்ல. அதனால "தண்ணிப் பக்கமே போகாத" என்பதுதான் அம்மாமார் சொல்லித் தருகிற பாதுகாப்பு. புள்ள போகாமலா இருக்கும்? 2021இல் மட்டும் உலகத்தில் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பங்களாதேஷில் தடாகம் கட்டக் காசில்லாத கிராமங்களில் குளத்துக்குள்ளேயே மூங்கிலால் தட்டுக் கட்டி, வேலி போட்டு, சின்னப் புள்ளைங்களுக்கு நீந்தப் பழக்கினார்கள். பழகின பிள்ளைகளிடம் மூழ்கிச் சாவது 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது என்று பிறகு ஆய்வு செய்து எழுதினார்கள். அங்கே யாரும் பதக்கத்துக்காகப் பழக்கவில்ல.

அதே நேரம் ஒண்ணு சொல்லணும். டீமில் இருக்கிற புள்ள ஆற்றில் பயமில்லாமல் இறங்கலாம் என்று அர்த்தமில்ல. தடாகத்தில் தரை தெரியும், ஆழம் எவ்வளவு என்று எழுதியிருக்கும், பிடிக்க ஓரம் இருக்கும். அருவியடியில் இதில் ஒன்றும் கிடையாது. கழுத்தில் மெடல் தொங்கினாலும் அங்கே விடாதீங்க.

அம்மா அப்பாவுக்கு நீந்தத் தெரியாத வீட்டில் பிள்ளை பழகுவது அபூர்வம் என்று அமெரிக்காவில் கணக்கெடுத்திருக்கிறார்கள். அந்த நாட்டின் பல இடங்களில் கறுப்பின மக்களைப் பொதுத் தடாகங்களில் இறங்க விடாத காலம் இருந்தது. தடை போன பிறகும் பயம் மட்டும் தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்துகொண்டே இருந்தது. நம்மை அப்படி யாரும் போர்டு போட்டுத் தடுக்கவில்ல. லயத்துக்குக் கிட்ட ஒரு தடாகம் இல்ல, அவ்வளவுதான். ஹோட்டலாக மாறின பழைய துரை பங்களாக்கள் சிலதில் இப்ப நீலத் தண்ணி மின்னுது, அது வாற சுற்றுலாக்காரர்களுக்கு.

"நீச்சல் நம்ம ஆளுங்க விளையாட்டா?" என்றும் கேட்பார்கள். வல்வெட்டித்துறையிலிருந்து 1954இல் நவரத்தினசாமி பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். அதே ஊர் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் போயும் வந்தும் நீந்தினார், 1984இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது உயிரை விட்டார். அவங்க கடலோரத்துக்காரங்க. தடாகத்தில் பேரெடுத்தவர்களைப் பார்த்தால், 1984, 1988, 1992 என்று மூன்று ஒலிம்பிக் போன ஜூலியன் போலிங் முதல் இப்ப உள்ளவர்கள் வரை பெரும்பாலும் கொழும்புப் பக்கம். கொழுந்து மலையிலிருந்து ஒரு பேர் சொல்லுங்க என்றால் எங்களுக்கும் வாய் வராது. அதுக்காக வேண்டாம் என்பதா?

சரி, டீம் எப்படி ஓடுது? முதல் சில மாசம் போட்டியே கிடையாது. மிதக்க, தண்ணிக்குள்ள மூச்சு விட, காலடிக்கத்தான் பழக்குவாங்க. "மூணு மாசமா போறா, இன்னும் ஒரு மெடலும் காணோமே" என்று கேட்காதீங்க. பிறகுதான் நாலு வகை நீச்சல் வரும்: பிரீஸ்டைல், மல்லாக்க நீந்துற பேக்ஸ்ட்ரோக், தவளை மாதிரி பிரெஸ்ட்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை. எல்லாரும் எல்லாத்திலும் ஓடமாட்டாங்க. எந்தப் புள்ளைக்கு எது என்று கோச் பார்த்து முடிவெடுப்பார், அதை அவரிடமே விட்டுடுங்க. கொழும்பில் பெரிய கிளப் பிள்ளைகள் விடியக்காலையில் தண்ணிக்குள் இறங்கி, பிறகு ஸ்கூலுக்குப் போய், பின்னேரம் திரும்பவும் இறங்குவார்கள். நமக்குக் கிழமைக்கு இரண்டு நாள், அதுவும் பஸ் வந்தால். இந்த வித்தியாசம் தெரியாமல் "அவங்க புள்ளய மாதிரி நீ ஏன் வரல?" என்று கேட்டால் அந்தப் புள்ள அடுத்த கிழமை வராது. அப்படி இரண்டு பேர் நின்றதைப் பார்த்திருக்கிறோம்.

போட்டி நாள் முழுக்கக் காத்திருப்புதான். காலையில் போனால் இருட்டித்தான் வருவீங்க, புள்ள தண்ணியில் இருக்கிறது ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. எட்டு லேன் உள்ள தடாகத்தில் வேகமானவர்களை நாலாவது, அஞ்சாவது லேனில் போடுவார்கள். ஓரத்து லேன் கிடைச்சா அது ஓரவஞ்சனை இல்ல, ஏற்கெனவே கொடுத்த நேரத்தின்படி வந்தது. நேரத்தைச் செக்கனை நூறாகப் பிரித்து எழுதுவார்கள். எட்டாவதாக வந்த புள்ளகூட தன்னோட பழைய நேரத்தை முந்தியிருக்கலாம். கரைக்கு வந்ததும் "எத்தனாவது?" என்று கேட்காமல் "நேரம் எவ்வளவு?" என்று கேளுங்க. எங்களில் ஒருத்தியின் அப்பாவுக்கு இதை விளக்கப் பட்ட பாடு போதும் போதும் என்றானது. கடைசியில் அவர்தான் சுவர் கலண்டரில் அவளோட நேரத்தை எழுதி வைக்க ஆரம்பித்தார்.

ஜெயிச்ச மாதிரி தெரிந்த புள்ளையைத் தகுதி நீக்கம் செய்தால் கத்தாதீங்க. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொடணும், ஒரு கை முந்தினால் முடிந்தது. சைகைக்கு முன்னாடி பாய்ந்தால் இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. ஒலிம்பிக்கிலும் இதே சட்டம்தான்.

பொம்பளப் புள்ள என்றால் உடுப்புப் பற்றிய பேச்சுத்தான் வீட்டில் பெருசு. "அந்த உடுப்பப் போட்டு எல்லாருக்கும் முன்னாடியா?" என்று மாமாமார் வரை வந்து கேட்பார்கள். உலகச் சட்டத்திலேயே பெண்களுக்குத் தோளிலிருந்து முழங்கால் வரை மூடின நீச்சலுடை போடலாம் என்று இருக்கு. 2010இலிருந்து துணியில் தைத்ததாக இருக்கணும் என்பதுதான் கண்டிப்பு. ஒலிம்பிக் போறவங்களும் முழங்கால் வரைக்கும்தான் போடுறாங்க. உடுப்பைக் காரணம் சொல்லி நிறுத்துவதாக இருந்தால், முதலில் அந்த உடுப்பை வாங்கிப் பார்த்திட்டு நிறுத்துங்க. மாதவிடாய் நாளில் மூணு நாள் வராவிட்டால் டீமை விட்டுத் தூக்கமாட்டாங்க. கோச்சிடம் சொல்லக் கூச்சம் என்றால் ஒரு மிஸ்ஸிடம் சொன்னால் போதும். அதுக்காகவாவது டீமோடு ஒரு பெண் ஆசிரியை வரணும் என்று பெற்றோர் கேட்கணும். புள்ளைங்க கேட்டால் எடுபடாது, நாங்க கேட்டுப் பார்த்தாச்சி.

காசு. கண்ணாடி, தொப்பி, உடுப்பு ஒரு தடவை வாங்கினால் கொஞ்ச நாள் வரும், அக்காவோடது தங்கச்சிக்கும் ஆகும். கையைக் கடிக்கிறது பயணம். தோட்டத்திலிருந்து பசறை டவுனுக்கு இறங்கணும், அங்கேயிருந்து பதுளைக்கு பஸ், திரும்பி வரும்போது மேலே ஏற பஸ் இருக்காது, ஆட்டோ. நாலு வீடு சேர்ந்து ஒரு ஆட்டோ பேசினால் கொஞ்சம் தாங்கும். கூடப் போகிற ஆளுக்கு அன்றைய பேர் போகும். 2024 செப்டெம்பரில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. எங்க அம்மாமார் எத்தனை போட்டிக்கு வரவில்ல என்று யோசித்தால், ஒவ்வொன்றுக்கும் பின்னாடி இந்தக் கணக்கு இருந்தது. வெளிநாட்டு வழிகாட்டிகளில் "பெற்றோர் காரில் கூட்டிவந்து விடுவது" என்று சாதாரணமாக எழுதியிருப்பாங்க. அதைப் படிக்கும்போது சிரிப்புத்தான் வரும். எல்லாரும் வரத் தேவையில்ல. ஒரு போட்டிக்கு ஒரு தோட்டத்திலிருந்து ஒரு அம்மா, அடுத்ததுக்கு வேற ஒருத்தர் என்று முறை வைத்தால் யாருக்கும் மாசத்தில் இரண்டு பேர் போகாது.

அப்படி ஒருத்தராவது வந்தே ஆகணும். ஒரு போட்டியில் அறிவிப்பு முழுக்கச் சிங்களத்தில்தான் நடந்தது. எங்க கூட வந்த ஒரு தங்கச்சிக்குத் தன் பேரை வேற மாதிரி உச்சரித்தது விளங்கவில்ல. அவள் எழும்பும்போது அவளோட ஹீட் முடிஞ்சிருந்தது. மூணு மாசப் பழக்கம், ஒரு உச்சரிப்பில் போச்சு. சிங்களம் விளங்குகிற ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்திருந்தால் அவள் அன்றைக்கு நீந்தியிருப்பாள்.

அமெரிக்கா, அவுஸ்திரேலியா பக்கம் கிளப் போட்டிகளில் ஸ்டொப்வொட்ச் பிடித்து நேரம் எடுப்பதே பெற்றோர்தான், லேனுக்கு இரண்டு மூன்று பேர். அதை நம்ம அம்மாமார் செய்யமாட்டாங்களா? கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளில் கண்ணை வைத்து, எத்தனை கிலோ கழிச்சாங்க என்று மனசிலேயே கணக்குப் போடுகிறவங்க. பயிற்சி நாளில் ஒரு அம்மாவிடம் ஸ்டொப்வொட்ச்சைக் கொடுத்துப் பார்த்தோம். மூணாவது புள்ள தொடும்போதே, "நீங்க அழுத்தினது லேட்டு தம்பி" என்று எங்களில் ஒருத்தனைத் திருத்தினாங்க.

ஓ/எல் வருஷம் வந்தால் முழுசா நிறுத்தாதீங்க, நாளைக் குறைங்க. தேசிய மட்டத்தில் திறமை காட்டினவங்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் தனி ஏற்பாடு ஒன்று இருக்கு. அது சில பேருக்குத்தான் கிடைக்கும், அதை நம்பிப் படிப்பை விடச் சொல்லவில்ல.

கடைசியா பிறப்புச் சான்றிதழ். வயசுப் பிரிவு அதை வைத்துத்தான். வலயம், மாகாணம், அகில இலங்கை என்று மேலே போகப் போக அதை இன்னும் கவனமாகப் பார்ப்பாங்க. தோட்டத்தில் பதிந்த பேர் ஒரு மாதிரி, ஸ்கூல் இடாப்பில் வேற மாதிரி, அப்பா பேரில் ஒரு எழுத்துக் குறைவு என்பது நம்ம வீடுகளில் சாதாரணம். போட்டிக்கு முதல் நாள் ஓடி இதைத் திருத்த முடியாது. பிரதேச செயலகத்தில் பதிவாளர் பகுதியில் கொடுத்தால் நாள் எடுக்கும், திரும்பத் திரும்ப வரச் சொல்வாங்க. புள்ள இப்பதான் மிதக்கப் பழகுது என்றாலும் பரவாயில்ல, இந்தக் கிழமையே பெட்டியைத் திறந்து அந்தத் தாளை எடுத்து எழுத்துக் கூட்டிப் பாருங்க. சிங்களத்தில் இருந்தால் எங்களில் யாரிடமாவது கொண்டுவாங்க, வாசித்துச் சொல்கிறோம்.