கடைசியாகப் பூட்டுவது யார்?

திருட்டு அலாரம் பேனலைப் புரோகிராம் செய்ய உட்காருகிறவர் கையில் முதலில் வந்து சேர்வது கட்டிட வரைபடம். தரைத்தளம் ஒன்று, முதல் மாடி இரண்டு, இரண்டாம் மாடி மூன்று என்று அதைப் பார்த்தே பார்ட்டிஷன் பிரித்துவிடுவது இந்தத் தொழிலில் வழக்கம். கொட்டேஷனில் எழுத வசதி, உரிமையாளருக்கும் சட்டென்று புரியும். ஆனால் பெரும்பாலான பொய் அலாரங்களும், அதைவிட மோசமான அலாரமே இல்லாத இரவுகளும் இந்த வசதியிலிருந்துதான் பிறக்கின்றன என்பது என் கட்சி. பேனலைப் பொறுத்தவரை பார்ட்டிஷன் என்பது ஒன்றாக ஆர்ம் ஆகி ஒன்றாக டிஸ்ஆர்ம் ஆகிற ஜோன்களின் கூட்டம், அவ்வளவுதான். சுவரும் தளமும் அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் யார் எப்போது கோடு அழுத்தினார் என்பது. ஆகவே, எந்த இடத்தைக் கடைசியாகப் பூட்டுவது யார், மறுநாள் முதலில் திறப்பது யார் என்பதைக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே வரைபடத்தை விரிக்க வேண்டும்.

நம் கடைவீதிகளில் சாதாரணமாகக் காணும் ஒரு கட்டிடத்தை எடுத்துக்கொள்வோம். தரைத்தளத்தில் முன்பக்கம் மளிகை மொத்தக் கடை, பின்பக்கம் கொடவுன், முதல் மாடியில் கணக்கு ஆபீஸ், இரண்டாம் மாடியில் முதலாளி குடும்பம். பக்கச் சந்திலிருந்து ஏறும் மாடிப்படி ஆபீசுக்கும் வீட்டுக்கும் பொது. வரைபடத்தின்படி கடையும் கொடவுனும் ஒரே தளம், ஒரே பார்ட்டிஷன். நடைமுறையில் கடையின் ஷட்டரை இரவு ஒன்பதரைக்கு மேனேஜர் இறக்குகிறார். கொடவுனின் பின்கதவை விடியற்காலை ஐந்து மணிக்கு லாரி வரும்போது மேஸ்திரி திறக்கிறார். இரண்டும் ஒரே பார்ட்டிஷனில் கிடந்தால், மேஸ்திரி மூட்டை இறக்கக் கோடு அழுத்தும்போது கல்லாப்பெட்டி இருக்கும் கடையும் சேர்ந்தே திறந்துகொள்கிறது. மேனேஜர் ஒன்பது மணிக்கு வரும்வரை நான்கு மணிநேரம் கடைக்குக் காவல் இல்லை. பேனலில் பழுது எதுவும் இல்லை. சொன்னதை அப்படியே செய்திருக்கிறது. மேஸ்திரி நாணயமானவர்தானே என்று முதலாளி சொல்லக்கூடும். நாணயமானவராகவே இருக்கட்டும், அந்த நான்கு மணிநேரத்தில் ஏதாவது தொலைந்தால் சந்தேகம் முதலில் விழுவது அவர் மேல்தான். அவருடைய கோடு கடையைத் திறக்காதபடி வைப்பது அவருக்கும் பாதுகாப்பு.

இன்னொரு கோளாறு இதைவிட நுட்பமானது. மோஷன் சென்சார்களை 'இன்டீரியர் ஃபாலோயர்' என்ற வகையில் போடுவோம். நுழைவுக் கதவு திறந்து உள்நுழைவு நேரம் ஓடிக்கொண்டிருந்தால் அந்தச் சென்சார் பொறுமையாக இருக்கும். கதவு திறக்காமலே அசைவு தெரிந்தால் உடனே அலறும். இதில் மறந்துபோகிற விஷயம், உள்நுழைவு நேரம் பார்ட்டிஷனுக்குப் பார்ட்டிஷன் தனி என்பது. மாடிப்படியின் கீழ்க்கதவு தரைத்தளப் பார்ட்டிஷனிலும், முதல் மாடித் திருப்பத்தில் உள்ள சென்சார் ஆபீஸ் பார்ட்டிஷனிலும் இருந்தால், கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு இரவு பதினொன்றரைக்குத் திரும்பும் குடும்பம் கீழ்க்கதவைத் திறந்ததும் தரைத்தளத்துக்கு நேரம் ஓடத் தொடங்குகிறது. ஆபீசுக்கு ஓடவில்லை. நாலு படி ஏறியதும் சைரன் ஊரைக் கூட்டுகிறது. மறுநாள் வருகிற டெக்னீஷியன் பெரும்பாலும் அந்தச் சென்சாரைத் தாமத வகைக்கு மாற்றுவார், அல்லது நிரந்தரமாக பைபாஸ் செய்துவிட்டுப் போவார். புகார் நின்றுவிடும். மாடித் திருப்பத்தில் ஒரு சென்சார் கண்சிமிட்டிக்கொண்டே எதற்கும் உதவாமல் சுவரில் தொங்கும். தவறு சென்சாரின் வகையில் இல்லை, அது எந்தப் பார்ட்டிஷனில் வைக்கப்பட்டது என்பதில் இருக்கிறது.

மாடிப்படியைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் பல பார்ட்டிஷன் வேலையில் திறமை தெரியும் இடம் பொது வழிதான். டிஎஸ்சி பிசி1864 போன்ற பேனலில் 64 ஜோன், 8 பார்ட்டிஷன். ஒரு ஜோனை ஒன்றுக்கு மேற்பட்ட பார்ட்டிஷன்களில் சேர்த்தால் அது பொது ஜோன் ஆகிறது. சேர்த்த அத்தனை பார்ட்டிஷனும் ஆர்ம் ஆனால்தான் அதுவும் ஆர்ம் ஆகும். பொது வழிதானே என்று மாடிப்படியைக் கடை, ஆபீஸ், வீடு மூன்றிலும் சேர்த்தால் பார்க்க நியாயமாக இருக்கும். ஆனால் வீட்டில் ஆள் இருக்கிற இரவில் வீட்டுப் பார்ட்டிஷனை யாரும் ஆர்ம் செய்யாமல் விட்டால், மாடிப்படியும் ஆர்ம் ஆகாது. வருஷம் முழுக்க, குடும்பம் திருப்பதிக்குப் போகிற நாள் தவிர, அந்தப் படி காவலின்றிக் கிடக்கும். ஹனிவெல் விஸ்டா-128பிபி வேறு வழியில் போகிறது. அங்கே பொது வழியையே தனிப் பார்ட்டிஷனாக, 'லாபி'யாக அறிவிக்கலாம். பிறகு ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் இரண்டு கேள்வி: இது டிஸ்ஆர்ம் ஆனால் லாபியும் டிஸ்ஆர்ம் ஆகவேண்டுமா? இது ஆர்ம் ஆகும்போது லாபியையும் ஆர்ம் செய்ய முயலவேண்டுமா? ஆபீசுக்கும் வீட்டுக்கும் இரண்டுக்குமே ஆம் என்று கொடுத்தால், கடைசியாகப் பூட்டுகிறவர் யாரோ அவர் கையால் படியும் பூட்டப்படும். ஜிஎஸ்டி கணக்கு முடிக்கக் கணக்குப்பிள்ளை பதினொரு மணிவரை இருந்தால், வீட்டார் பத்தரைக்கே தங்கள் பார்ட்டிஷனை ஆர்ம் செய்துவிட்டாலும் படி அவருக்காகக் காத்திருக்கும். கடைக்கும் கொடவுனுக்கும் இந்தப் படியோடு சம்பந்தமே இல்லை, அதனால் இரண்டு கேள்விக்கும் இல்லை. தரைத்தளத்தில் தொடங்குகிற படி தரைத்தளத்துக்குச் சம்பந்தமில்லாதது என்பதை எந்த வரைபடமும் சொல்லித் தந்திருக்காது.

இவ்வளவு சிக்கல் எதற்கு, ஒரே பார்ட்டிஷன் போட்டு 'ஸ்டே', 'அவே' என்ற இரண்டு முறைகளை வைத்துச் சமாளிக்கலாமே என்று அனுபவசாலிகளே கேட்பதுண்டு. தனி வீட்டுக்கு அது போதும், நானும் அதையே சொல்வேன். ஸ்டே முறையில் வெளிச்சுற்று விழித்திருக்கும், உள் சென்சார்கள் தூங்கும். வீட்டார் உள்ளே நடமாடலாம். ஆனால் மேலே வீடும் கீழே கடையுமாக இருக்கும் இடத்தில் ஸ்டே என்றால் கடைக்குள் இருக்கும் சென்சார்களும் சேர்ந்து தூங்குகின்றன. 2019 அக்டோபரில் திருச்சியில் ஒரு நகைக்கடையிலும் 2021 டிசம்பரில் வேலூரில் இன்னொரு நகைக்கடையிலும் திருடர்கள் சுவரைத் துளைத்தே உள்ளே போனார்கள். அந்தக் கடைகளில் என்ன பேனல் இருந்தது என்பது இங்கே பேச்சில்லை. சுவரில் ஓட்டை போடுகிறவன் கதவு காந்தத்தைத் தொடுவதில்லை, ஷட்டர் சென்சாரை அசைப்பதில்லை என்பதுதான் பேச்சு. அவனைப் பிடிக்க மிஞ்சுவது வைப்ரேஷன் சென்சாரும் உள் மோஷன் சென்சாரும்தான், ஸ்டே முறை விலக்கிவைப்பது இதில் பின்னதைத்தான். கடைக்குத் தனிப் பார்ட்டிஷன் கொடுத்தால் கடை அவேயில், வீடு ஸ்டேயில், இரண்டும் ஒரே இரவில் நடக்கும்.

அப்படியென்றால் கடைக்கு ஒரு பேனல், வீட்டுக்கு ஒரு பேனல் என்று தனித்தனியாகவே மாட்டிவிடலாமே என்பது அடுத்த கேள்வி. இதில் பாதி உண்மை இருக்கிறது. மாடியில் இருப்பவர் வாடகைக்கு வந்த அந்நியர் என்றால் தனிப் பேனல்தான் சரி. இன்ஸ்டாலர் கோடு ஒருவர் கையில் இருக்கும்போது எல்லாப் பார்ட்டிஷனின் ரகசியமும் அவர் கையில்தான் இருக்கிறது. இரு வேறு கட்சிக்காரர்கள் ஒரே பெட்டியை நம்பியிருப்பது வம்புக்கு வழி. ஒரே முதலாளியின் இடமென்றால் கதை வேறு. ஒரு பேனல் ஆர்ம் ஆகியிருக்கிறதா என்று பக்கத்துப் பேனலுக்குத் தெரியாது. அப்போது மேலே சொன்ன லாபிக் கணக்கே நடக்காது, படி யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கும். பேட்டரி இரண்டு, டயலர் இரண்டு, மெயின்டனன்ஸ் இரண்டு என்ற செலவெல்லாம் இதற்குப் பிறகுதான்.

என் வாதத்துக்கு எதிரான வலுவான கேள்வி இன்னொன்று. சுவர் மாறாது, ஆட்கள் மாறுவார்கள். மேஸ்திரி வேலையை விட்டுப் போவார், கணக்குப்பிள்ளை ஓய்வு பெறுவார், மகன் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போவார். மாறுகிறவர்களை நம்பி எப்படிப் பிரிப்பது? இதற்குப் பதில் ஒயரிங்கில் இருக்கிறது. மாறாத சுவரைப் பார்த்து ஒயர் இழுக்க வேண்டும், மாறுகிற ஆட்களைப் பார்த்துப் பார்ட்டிஷன் பிரிக்க வேண்டும். ஜோன் மிச்சம் பிடிக்கக் கடையின் பின்கதவையும் கொடவுனின் உள்கதவையும் ஒரே லூப்பில் தொடராகக் கோத்து, முனையில் ஒரு ரெசிஸ்டர் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. டிஎஸ்சி பேனலென்றால் அந்த 5.6 கிலோ ஓம் தெரிந்தால் மூடியிருக்கிறது, தெரியாவிட்டால் திறந்திருக்கிறது என்று மட்டும்தான் பேனலுக்குப் புரியும். எந்தக் கதவு என்று புரியாது. அந்த இரண்டு கதவையும் பிறகு எந்தப் புரோகிராமாலும் இரண்டு பார்ட்டிஷனில் பிரிக்க முடியாது, சுவரை உடைத்து ஒயரை மாற்றினால்தான் உண்டு. ஒவ்வொரு சென்சாருக்கும் தனி ஜோன் கொடுத்திருந்தால், ஆள் மாறும்போது பார்ட்டிஷனை மாற்றுவது கீபேடில் சில நிமிட வேலை. அந்த மாற்றத்தைச் செய்ய யாராவது நினைவாக வரவேண்டுமே என்றால், அது மெயின்டனன்ஸ் ஒப்பந்தத்தின் குறை.

ஆட்கள் மாறிவிட்டார்கள் என்று பேனலே காட்டிக்கொடுக்கவும் செய்யும். மானிட்டரிங் நிலையத்துக்குச் செய்தி அனுப்பும் கான்டாக்ட் ஐடி முறை, 1999-ல் எஸ்ஐஏ டிசி-05 என்ற தரமாக வெளியானது, இன்றும் பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு செய்தி மொத்தம் 16 இலக்கம். 1234 18 1130 02 015 என்று வந்தால், 1234 வாடிக்கையாளர் எண், 18 செய்தியின் வகை, 1 என்பது புதிய நிகழ்வு, 130 திருட்டு, 02 பார்ட்டிஷன், 015 ஜோன். கடைசியில் சரிபார்க்கும் இலக்கம் ஒன்று. பூட்டும்போதும் செய்தி போகும்: 3401 02 007 என்றால் ஏழாம் எண் பயனர் இரண்டாம் பார்ட்டிஷனை ஆர்ம் செய்தார். இந்தப் பதிவைச் சில வாரம் படித்தாலே கட்டிடம் உண்மையில் எப்படி நடக்கிறது என்று தெரியும். இரண்டு பார்ட்டிஷன் எப்போதும் ஒரே நிமிடத்தில் ஒரே கையால் பூட்டப்பட்டால் அவை இரண்டாக இருக்கத் தேவையில்லை. ஒரு பார்ட்டிஷனில் பூட்டுச் செய்தியே வரவில்லை என்றால், ஆர்ம் செய்யும் பொறுப்பு யாருடையது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எட்டு பார்ட்டிஷன் கிடைக்கிறதே என்று எட்டையும் பயன்படுத்துவது வரைபடத்தைப் பார்த்துப் பிரிப்பதைப் போலவே வீண். நாம் எடுத்துக்கொண்ட கட்டிடத்துக்குக் கடை, கொடவுன், ஆபீஸ், வீடு, படி என ஐந்து போதும்.

செய்தி போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது என்பதற்கு 2015 ஏப்ரலில் லண்டன் ஹாட்டன் கார்டன் பெட்டகக் கொள்ளை உதாரணம். ஈஸ்டர் விடுமுறையில் அலாரம் அடித்தது, செய்தி போனது, போலீசுக்கும் அழைப்பு போனது. போலீஸ் போகத் தேவையில்லாத அழைப்பு என்று அதை வகைப்படுத்திவிட்டார்கள். பார்க்க வந்த காவலாளி, வெளிக்கதவில் சேதம் இல்லாததைக் கண்டு திரும்பினார். கொள்ளையர்கள் அடித்தளத்தில் இருந்தார்கள். சின்ன அளவில் இதே கதை நம் கடைவீதியிலும் நடக்கும். சைரன் எல்லாப் பார்ட்டிஷனுக்கும் பொதுவாக ஒன்றே இருக்கும். சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஓடிப்போய்ப் பார்ப்பது கைக்கு எட்டும் கீபேடை. அது வேறு பார்ட்டிஷனுக்கு ஒதுக்கப்பட்டதாக இருந்தால் அதன் திரையில் 'ரெடி' என்றுதான் நிற்கும், அலாரம் கொடவுனில். பொய் அலாரம் என்று அவர் முடிவுகட்டினால் அவரைக் குறை சொல்ல முடியாது. டிஎஸ்சியில் கீபேடைச் சேர்க்கும்போது பார்ட்டிஷன் எண்ணாக 0 கொடுத்தால் அது எல்லாப் பார்ட்டிஷனையும் காட்டும் கீபேட் ஆகிவிடும். வாட்ச்மேன் உட்காரும் இடத்தில் இருக்க வேண்டியது அப்படி ஒன்று. மானிட்டரிங் நிலையத்திடம் தருகிற ஜோன் பட்டியலில் பார்ட்டிஷன் பெயரோடு, எந்தச் சந்து வழியாகப் போனால் அந்தக் கதவு வரும் என்பதும் இருக்கவேண்டும்.

நேரக் கணக்கிலும் ஆள்தான் அளவுகோல். அமெரிக்காவின் சிபி-01 தரம் உள்நுழைவு நேரம் 30 வினாடிக்குக் குறையக்கூடாது என்கிறது. வெளியேறும் நேரத்துக்கு 60 வினாடியை இயல்பாக வைத்திருக்கிறது. மேனேஜர் இரண்டு பூட்டுத் திறந்து, ஷட்டரைத் தூக்கி, விளக்கைப் போட்டுக் கீபேடுக்குப் போக எவ்வளவு ஆகிறதோ அதுதான் கடைக்கு நேரம். முட்டிவலியோடு இரண்டு மாடி ஏறும் பாட்டிக்கு எவ்வளவு ஆகிறதோ அது படிக்கு. இரண்டையும் ஒரே எண்ணாக வைத்தால் ஒன்றில் திருடனுக்கு நேரம் மிஞ்சும், இன்னொன்றில் பாட்டிக்குப் போதாது. கோடு கொடுப்பதிலும் அப்படியே. தற்காலிக ஆட்களுக்கு விஸ்டாவில் ஒரு நிலை இருக்கிறது: தன் கோடால் ஆர்ம் செய்ததை மட்டுமே அவர் டிஸ்ஆர்ம் செய்ய முடியும், முதலாளி பூட்டியதைத் திறக்க முடியாது. பண்டிகைக் கால வேலையாட்களுக்குப் பொருத்தமான இந்த வசதியை ஏனோ யாரும் பயன்படுத்துவதில்லை.

இப்போது போனிலேயே ஆர்ம் செய்யலாம், யார் எங்கிருந்தாலும் மாற்றிக்கொள்ளலாம், பார்ட்டிஷனெல்லாம் பழைய கதை என்று விற்பனைப் பிரதிநிதிகள் சொல்கிறார்கள். போன் செய்வது கோடு அழுத்துகிற வேலையை மட்டுமே. மேஸ்திரியின் போன் கடையையும் சேர்த்துத் திறக்குமா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

கடைசியில் சோதனை. ஐந்து பார்ட்டிஷன் இருந்தால் ஆர்ம், டிஸ்ஆர்ம் சேர்க்கைகள் 32. அத்தனையையும் யாரும் சோதிக்கப் போவதில்லை, தேவையும் இல்லை. அந்தக் கட்டிடத்தின் ஒரு நாளில் உண்மையில் வருகிற நிலைகள் ஐந்தோ ஆறோ இருக்கும்: விடியற்காலை ஐந்து, காலை ஒன்பது, இரவு ஒன்பதரை, பதினொன்று, விடுமுறை நாள். ஒவ்வொரு நிலையையும் வைத்து, திறந்திருக்கக் கூடாத இடத்தில் ஒருவரை நடக்கவிட வேண்டும். கொடவுன் மட்டும் திறந்து, கடை பூட்டியிருக்கும் நிலையில் கடைக்குள் நடந்தால் சைரன் அடிக்க வேண்டும். மாடிப்படி கப்சிப்பென்று இருக்க வேண்டும். பிறகு மானிட்டரிங் நிலையத்துக்குப் போன் போட்டு, வந்த செய்தியை வாசிக்கச் சொல்ல வேண்டும். 'மளிகைக் கடை, கல்லா அருகே, முன் ஷட்டர் வழி' என்று அவர் வாசித்தால் பில்லைக் கொடுக்கலாம். 'ஜோன் 4' என்று மட்டும் வாசித்தால் லேப்டாப்பை மூடக்கூடாது.