நீறு பூத்த அடுப்பு

சீனிவாசருக்கும் பத்மாவதிக்கும் திருமணம் நிகழ்ந்த ஊர் என்று தலபுராணம் போற்றும் நாராயணவனத்தில், அக்கல்யாண விருந்தின் பெருமையைப் பலரும் பேசுவர். ஒரு சமையலுக்கும் மறு சமையலுக்கும் இடையே அடுப்புச் சாம்பலை அள்ளியவர் யார் என்று கேட்போர் அரிது.

விறகடுப்பின் உயிர் அந்த இடைவேளையில்தான் இருக்கிறது. சாம்பல் மேவினால் காற்று அடைபட்டு, விறகு எரியாமல் புகையும். அப்புகையை நெஞ்சில் வாங்குவோர் பெரும்பாலும் பெண்களே. அதற்காக அடிவரை வழித்துவிடுவதும் கூடாது. விரற்கடைச் சாம்பல் கீழே கிடந்தால் சூடு தரைக்குள் இறங்காது. அடுத்த தீயும் விரைந்து பற்றும். கைப்பக்குவம் என்பதைக் குழம்புக்கு மட்டும் சொல்வது சற்றே அநியாயம்.

'நீறு பூத்த நெருப்பு' என்பதை வெறும் உவமையாகப் படிப்போர் உளர். அடுக்களையில் அது கண்கூடு. சாம்பற்போர்வைக்குள் காற்று குறைவு, சூடும் எளிதில் வெளியேறாது. ஆகவே இரவில் மூடிய கங்கு விடியலிலும் உயிரோடிருக்கும். தீப்பெட்டி அரிதாயிருந்த நாளில் அது சேமிப்பு. அதே கங்கு ஆறாத சாம்பலோடு குப்பைமேட்டுக்குப் போனால், ஒரு காற்றில் பக்கத்து ஓலைக்கூரை பற்றிக்கொள்ளும். எனவே இரும்புச் சட்டியில் அள்ளி, நீர் தெளித்து, கிளறிப் பார்த்த பின்னரே வெளியே கொட்டுவர். மரத்தூளை அழுத்திச் செய்த குளிகைகளால் எரியும் மேலைநாட்டு அடுப்புக்கும் இதே விதிதான்: தீக்கிண்ணத்தில் சாம்பல் தேங்கினால் தீ மூளாது, ஆறுமுன் அள்ளினால் ஆபத்து.

ஆறிய சாம்பலில் ஒரு பங்கு பித்தளைப் பாத்திரத்துக்கு. மீதி, அசுவினி பிடித்த அவரைக்கு.