பனியில் உறங்கும் வம்சம்

பிகானீருக்குப் போகிறவர்கள் ஜுனாகட் கோட்டையைப் பார்க்கிறார்கள். புஜியா பொட்டலம் வாங்குகிறார்கள். ஊருக்கு வெளியே ஜோர்பீர் பக்கம் போய் ஒட்டகப் பாலில் செய்த ஐஸ்கிரீமையும் ருசி பார்க்கிறார்கள். அதே ஜோர்பீரில் மத்திய சர்க்காரின் குதிரைப் பண்ணை ஒன்றும் இருக்கிறது.

மார்வாரிக் குதிரையை அங்கே பார்க்க வேண்டும்! இரண்டு காதுகளும் உட்புறமாக வளைந்து, நுனியோடு நுனி தொட்டு நிற்கும். ராஜபுத்திர வீரர்களைச் சுமந்த ஜாதி அது. ஆனால் 2019-ம் வருஷக் கணக்கெடுப்பில் தேறியவை 33,267 தான். நல்ல பொலிகுதிரை ஒன்று கண்ணை மூடினால் அதன் வம்சமும் அத்தோடு போய்விடலாம். அதனால்தான் அதன் விந்தைத் திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில், உறைய வைத்துக் காக்கிறார்கள்.

"மாட்டுக்குச் செய்வதுதானே!" என்று நினைக்கலாம். மாட்டில், உறைந்தாலும் கெடாத வித்துள்ள காளைகளையே பொறுக்கி எடுக்கிறார்கள். குதிரைக்கோ அழகையும் ஓட்டத்தையும் பார்த்தே மதிப்பு. பரிசு பெற்ற குதிரையின் வித்து, குளிர் பட்டவுடன் செத்துப் போவதும் உண்டு.

அதைப் பிழைக்க வைக்கும் பக்குவம் சமையலறை வேலையைப் போலவே இருக்கிறது. முதலில் வடிகட்ட வேண்டும். பிறகு யந்திரத்தில் சுழற்றி உயிரணுக்களைப் பிரிக்க வேண்டும். ஆடை நீக்கிய பால், முட்டையின் மஞ்சள் கரு, கிளிசரின் முதலியவற்றைச் சேர்க்க வேண்டும். பாலும் கருவும் குளிரின் அதிர்ச்சியைத் தாங்க உதவும். கிளிசரின் பனி ஊசிகள் குத்தாமல் காக்கும். அளவு மிஞ்சினால் அதுவே நஞ்சு. சில குதிரைகளின் வித்துக்குக் கிளிசரின் ஒத்துக் கொள்வதில்லை. டைமெத்தில் ஃபார்மமைடு என்ற வேறொரு மருந்தைச் சேர்த்தால் தேறுகிறது. மெள்ள மெள்ளக் குளிர வைத்து, அரை மில்லி பிடிக்கும் குழல்களில் அடைத்து உறைய வைக்கிறார்கள். பின்னால் வெதுவெதுப்பான நீரில் உருக்கும்போது நூற்றுக்கு முப்பதாவது நேராக நீந்தினால்தான் பயன்.

இத்தனைக்குப் பிறகும் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய அரை நாள்தான்! ஆகவே பெண்குதிரையின் கருமுட்டை எப்போது வெளிப்படும் என்று ஸ்கேன் கருவியை வைத்துக்கொண்டு இரவு பகலாகக் காத்திருக்க வேண்டும்.

2024-ல் அந்தப் பண்ணையில் ஒரு பெண்குட்டி பிறந்தது. உறைய வைத்த வித்தில் உண்டான கருவையும் மறுபடி உறைய வைத்து, இரண்டு மாதம் கழித்து வேறொரு தாயின் வயிற்றில் வளர்த்தார்கள். அந்தக் குட்டிக்கு 'ராஜ் ஹிமானி' என்று பெயர். ஹிமம் என்றால் பனி அல்லவா? பொருத்தமான பெயர்தான்!