வண்டி எப்படி ஓடுகிறது?

பழைய கார்களின் மேல் பித்துக் கொண்ட நாங்கள் ஆறேழு பேர், ஞாயிறு காலைகளில் தேநீர்க் கடையில் கூடுவது வழக்கம். அம்பாசிடர், பியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று தொடங்கும் பேச்சு, கார்புரேட்டரிலிருந்து சர்க்கரை நோய்க்கும் கிளட்ச்சிலிருந்து மகள் திருமணத்துக்கும் தாவிவிடும்.

உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றது. மாருதி 800-உம் அதே ஆண்டில் நின்றது. உதிரிபாகம் தேடும் சாக்கில் ஒருவரையொருவர் தேடிக்கொள்கிறோமோ என்று தோன்றும்.

மனைவியை இழந்த நண்பர் மூன்று மாதம் கழித்து வந்தார். கையறுநிலைத் துறையை வகுப்பில் இருபது ஆண்டுகளாக விளக்கி வருபவன் நான். அன்று எனக்கு வாய்த்தது, "வண்டி எப்படி ஓடுது சார்?" என்ற கேள்வி மட்டுமே. நம் மொழியில் வண்டி என்பது வாழ்க்கைக்கும் பெயரல்லவா?

"ஓடுது சார். இடப்பக்கக் கதவுதான் திறக்க ஆளில்லாம இறுகிப்போச்சு" என்றார்.

யாரும் ஆறுதல் மொழி சொல்லவில்லை. ஒருவர் எண்ணெய்க் குப்பியை எடுத்தார். மற்றவர்கள் பின்னால் நடந்தோம். கீல் இளகும்வரை கார்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.