இரத்தம் சொல்லும் இரண்டு எண்கள்

திருப்பலியில் கிண்ணம் உயர்த்தப்படும் ஒவ்வொரு நாளும் 'இரத்தம்' என்னும் சொல் நம் செவிகளில் விழுகிறது. ஜூலைத் திங்களை ஆண்டவரின் திரு இரத்தத்திற்கென ஒதுக்கி மன்றாடும் மரபும் நமக்கு உண்டு. பழைய ஏற்பாட்டு மக்கள் இரத்தத்தை உயிரின் உறைவிடமாகக் கருதினர்; ஆகவே அதனை உண்ணாது, கடவுளுக்கே உரியதென விட்டனர். இத்துணைப் பெருமை வாய்ந்த இரத்தம் நம் உடலுக்குள் எவ்வாறு இயங்குகிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

அதனை அறிய மனித இனமே நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலென், உண்ட உணவு கல்லீரலில் இரத்தமாகிறது என்றும், உறுப்புகள் அதனை உறிஞ்சித் தீர்த்துவிடுகின்றன என்றும் கற்பித்தார். வாய்க்கால் நீர் வயலில் பாய்ந்து மறைவது போன்ற ஒருவழிப் பயணம் அது. 1628-இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி எளியதொரு கணக்கால் இதனை மறுத்தார். அரைமணி நேரத்தில் இதயம் வெளியேற்றும் இரத்தம், உடலில் உள்ள மொத்த இரத்தத்தைவிட மிகுதி; அவ்வளவையும் கல்லீரல் புதிதாக ஆக்கித் தர இயலாது; எனவே சென்ற இரத்தமே திரும்பி வருகிறது என்றார். ஆயினும் தமனியிலிருந்து சிரைக்கு அது கடக்கும் வழியை அவர் காணவில்லை. 1661-இல் இத்தாலியரான மார்செல்லோ மல்பீகி, தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் நோக்கி, மயிரினும் மெல்லிய தந்துகிகளைக் கண்டார். வட்டம் முழுமை பெற்றது.

இரத்தத்தின் அழுத்தத்தை முதன்முதல் அளந்தவர் ஒரு பங்குக் குரு என்பது என்னைப் போன்றோர்க்கு வியப்பூட்டும் செய்தி. தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள டெடிங்டன் என்னும் ஊரில் ஆங்கிலிக்கன் சபைக் குருவாகப் பணியாற்றிய ஸ்டீபன் ஹேல்ஸ், பெண்குதிரை ஒன்றின் தமனியோடு நெடிய கண்ணாடிக் குழாயை இணைத்தார். இரத்தம் 8 அடி 3 அங்குலம் உயர்ந்து நின்றது. 1733-இல் அதனை நூலாக வெளியிட்டார். அவ்விலங்கு பட்ட துன்பம் இன்று நம்மைக் கூசச் செய்யும். 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி, கையில் சுற்றும் பட்டையை அமைத்தார். 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப், பட்டைக்குக் கீழே எழும் ஒலியைக் கேட்டு இரு எண்களையும் குறிக்கும் முறையைக் கண்டார்.

அந்த எண்கள் எதைச் சொல்கின்றன? இதயம் சுருங்கி இரத்தத்தை உந்தும் வேளையில் தமனியில் எழும் அழுத்தம் மேல் எண். அது தளர்ந்து நிறையும் வேளையில் எஞ்சி நிற்பது கீழ் எண். 120 என்றால், பாதரசத்தை 120 மில்லிமீட்டர் உயர்த்தும் வலிமை; தண்ணீராயின் 5 அடிக்கு மேல் எழும்பும். அவ்வலிமை இல்லையேல் தலைக்கு இரத்தம் ஏறாது. பலமுறை அளந்தும் 140-க்கு 90, அல்லது அதற்கு மேல் நின்றால் அது உயர் அழுத்தம். தமனிச் சுவர் தடித்து இறுகுகிறது. மூளையும் சிறுநீரகமும் கண்ணும் மெல்லப் பழுதுபடுகின்றன. பெரும்பாலும் வலி இராது; மயக்கம் இராது. அளந்தாலன்றித் தெரியாது.

முன்பு நான் பணியாற்றிய பங்கில் ஒரு தாய் இருந்தார். கோவிலைப் பெருக்குவதும் நோயாளிகளைச் சந்திப்பதும் அவருக்கு அன்றாடக் கடமை. ஒரு தவக்காலத்தில் காப்பியோடு இரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்திவிட்டார். "உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆண்டவருக்காக இதையும் விட்டுவிட்டேன்" என்று மகளிடம் சொன்னாராம். புனித வாரத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. நான் நற்கருணையோடு சென்றபோது இடக்கையால் சிலுவை அடையாளம் வரைந்தார். நெற்றியிலிருந்து மார்புக்கு வருவதற்குள் அக்கை இருமுறை தயங்கியது.

அத்தாய் மட்டுமல்லர். ஞாயிறு காலையில் மாத்திரை உண்ணாமல் திருப்பலிக்கு வரும் முதியோர் இன்றும் உளர். நள்ளிரவு முதல் தண்ணீரும் அருந்தாது நற்கருணை வாங்கிய காலத்தின் பழக்கம் அது. 1953-இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் அந்நோன்பைத் தளர்த்தினார்; 1964-இல் 6ஆம் சின்னப்பர் அதனை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், 919-ஆம் எண்ணில், தண்ணீரும் மருந்தும் அந்நோன்பை முறிப்பதில்லை எனத் தெளிவுறக் கூறுகிறது. முதியோரும் நோயுற்றோரும் அவர்களைப் பேணுவோரும் அந்த ஒரு மணிக்குள் உணவே உட்கொண்டிருந்தாலும் நற்கருணை பெறலாம் என்பதும் அங்கேயே உள்ளது. திருச்சபை கேளாத காணிக்கையை உயிரைப் பணயம் வைத்துக் கொடுக்க வேண்டுவதில்லை. தவக்காலத்தில் எதையேனும் குறைக்க விரும்புவோர் உப்பைக் குறைக்கலாம். நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக உண்ணுமாறு உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்துகிறது. ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் இன்றி உண்பது நம்மவர்க்கு நல்ல தவமே.

கீழ் எண்ணில் இன்னொரு மறைபொருளும் உண்டு. ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 0.8 நொடி, அதில் உழைப்பு 0.3 நொடி, ஓய்வு 0.5 நொடி. உழைக்கும்போது இதயத் தசை இறுகித் தன் குழாய்களையே நெரிக்கிறது. ஊருக்கெல்லாம் உணவு அனுப்பும் அதன் இடது கீழறை, தனக்குரிய பங்கைப் பெரிதும் ஓய்வின்போதே பெறுகிறது. அவ்வேளையில் பெருந்தமனி, விரிந்தபோது தாங்கிவைத்த விசையைத் திருப்பித் தந்து இரத்தத்தை உந்துகிறது. படைத்தவர் ஓய்வுநாளைக் கட்டளையாகத் தருமுன்னரே நம் நெஞ்சுக்குள் அதனை அமைத்துவிட்டார் போலும்! பிறர்க்கென ஓயாது உழைக்கும் நம் தாய்மார் இதனைச் சற்றே எண்ண வேண்டும். தம்மைப் பேணுதல் தன்னலமாகாது. நாளைக்கும் பிறர்க்குக் கொடுக்க அதுவே வழி.

ஆகவே, வரும் ஞாயிறன்று மாத்திரையை உண்டுவிட்டே திருப்பலிக்கு வாருங்கள்.