பொதுச் சுவர்

புதுச்சேரியில் புல்வாருக்கு உட்பட்ட பழைய நகரத்தைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே, கடலை ஒட்டிய பகுதியில், வீடுகள் உயர்ந்த மதிலுக்குள் ஒதுங்கி நிற்கின்றன. மேற்கே, தமிழர் பகுதியில், வீடுகள் வீதியைப் பார்த்து அமர்ந்திருக்கின்றன. வாசலில் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம். அதன் கீழே வழிப்போக்கரும் அமரக்கூடிய வெளித்திண்ணை. கதவை ஒட்டி வீட்டாருக்கும் விருந்தினருக்கும் உரிய உள்திண்ணை. கதவைத் தாண்டினால் வானம் தெரியும் முற்றம். அந்தத் தாழ்வாரங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரிசையாக ஓடிய காலத்தில், வெயில் தலையில் படாமல் வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடக்கலாம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பெருமையுடன் சொல்வார்கள்.

இந்த வீடுகளுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. அவை தனித்து நிற்பவை அல்ல. என் வீட்டின் வடக்குச் சுவரே பக்கத்து வீட்டின் தெற்குச் சுவர். என் உத்திரத்தின் ஒரு முனையும் அவர்கள் உத்திரத்தின் ஒரு முனையும் ஒரே சுவரில் ஏறி அமர்ந்திருக்கும். அதைப் பொதுச் சுவர் என்போம். அதில் ஆணி அடிப்பதானாலும் மறுபக்கத்தாரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு அடிப்பதே முறையாக இருந்தது. ஒரு வீதி என்பது பலர் சேர்ந்து தாங்கும் ஒரே கட்டடம் என்பதை, கட்டடக் கலை படிக்காமலேயே நாங்கள் அறிந்திருந்தோம்.

இடிபடுவது இந்நகருக்குப் புதிதன்று. 1674இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே குடியேற்றத்தைத் தொடங்கினார். 1693இல் டச்சுக்காரர் ஊரைக் கைப்பற்றினர். 1694இல் அவர்கள் வரைந்த நேர்கோட்டு வீதித் திட்டமே இன்றும் நாம் நடக்கும் வீதிகளுக்கு அடிப்படை. 1761 ஜனவரியில் நகரம் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அவர்கள் கோட்டையையும் மாளிகைகளையும் திட்டமிட்டுத் தகர்த்தனர். மிஷன் வீதியில் இருந்த ஆலயமும் தப்பவில்லை. 1765இல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்தபோது, லா தெ லோரிஸ்தோன் பழைய வீதிகளின் மீதே நகரை மீண்டும் எழுப்பினார். நாம் சம்பா கோவில் என்று அழைக்கும் அமல உற்பவ அன்னை பேராலயம் 1791இல்தான் மீண்டும் நிறைவு பெற்றது.

இந்த வரலாற்றை நாம் விரும்பிச் சொல்கிறோம். ஏனெனில் இதில் நாம் இழந்தவர்கள். ஆனால் 1748இல், துய்ப்ளேக்ஸ் ஆளுநராக இருந்த காலத்தில், அதே ஆலயத்தின் அருகில் நின்ற வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டது. அதில் நம் குருக்களும் முன்நின்றனர் என்பதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் வேதனையோடு பதிந்திருக்கிறார். அக்கோவில் பின்னர் வேறிடத்தில், இன்றைய ஈசுவரன் கோவில் வீதியில், எழுப்பப்பட்டது. இடிந்த ஆலயத்துக்காக வருந்தும் நாம், இடிக்கப்பட்ட கோவிலையும் நினைவில் கொள்வதே நேர்மை. பிள்ளையவர்களின் மாளிகை மட்டும் ரங்கப்பிள்ளை வீதியில் இன்றும் நிற்கிறது: கீழே தமிழ் முறை மரத்தூண்கள், மேலே பிரெஞ்சு முறைச் சுதைத்தூண்கள். நகரம் சரணடைவதற்குச் சில நாள்கள் முன்பு அவர் கண்மூடினார். வீடு அவரைத் தாண்டி வாழ்கிறது.

நம் காலத்து இடிப்புக்குப் பீரங்கி தேவைப்படவில்லை. ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் போதுமானதாக இருந்தது. தந்தை இறந்ததும் வீடு ஐந்து பங்காகிறது. ஒரு பங்காளி சென்னையில், ஒருவர் பாரீசில். சொல்தா குடும்பங்களில் பிள்ளைகள் எல்லாருமே பிரான்சில் இருக்க, வீட்டுக்குப் பூட்டு மட்டுமே காவல். ஓடு ஒன்று நழுவினால் மாற்ற ஆளில்லை, ஒழுகிய நீர் உத்திரத்தின் முனையில் தங்குகிறது, கரையான் வருகிறது. சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார் அருகிவிட்டதால், விரிசலில் சிமெண்டைப் பூசுகிறோம். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். ஈரத்தை வாங்கி வெயிலில் விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் உப்புப் பூத்து உதிர்கிறது. வீட்டைக் காப்பதாக எண்ணிச் செய்த வேலையே அதற்கு நோயாகிறது. இவற்றுக்கிடையே மனையின் விலை ஏறிக்கொண்டே போகிறது. வீடு சுமையாகவும் மண் பொன்னாகவும் தோன்றும் நாளில் இடிப்பவர் வந்து கதவைத் தட்டுகிறார்.

தடுத்து நிறுத்த முயன்றோரும் உண்டு. இன்டாக் அமைப்பு தொண்ணூறுகளில் சுமார் 1,800 பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அவற்றில் நூற்றுக்கணக்கானவை மறைந்தன. 2002 முதல் 2004 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடும், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நோவ்-சுர்-லோ ஆகிய நகரங்களின் கூட்டுறவோடும் ஆசியா உர்ப்ஸ் என்னும் திட்டம் நடந்தது. வைசியாள் வீதியில் வரிசையாகப் பல வீடுகளின் முகப்புகள் பழைய வடிவுக்கு மீட்கப்பட்டன. காணாமற்போன தாழ்வாரங்கள் மீண்டும் தோன்றின. 2008இல் அவ்வீதிக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. ஒரு வீதியை வீடுவீடாக அன்றி வரிசையாகக் காக்க வேண்டும் என்ற பாடத்தை அத்திட்டம் ஊருக்குக் கற்பித்தது. ஆயினும் அது முகப்பின் பணி. முகப்புக்குப் பின்னால் இருக்கும் சமையற்கட்டும் பாகப்பிரிவினையும் அவரவர் பொறுப்பாகவே இருந்தன.

எங்கள் பொறுப்பு எங்களை 2011இல் தேடி வந்தது. அவ்வாண்டின் நடுவில் பக்கத்து வீடு கைமாறி, சில நாள்களில் தரைமட்டமாயிற்று. இயந்திரம் பொதுச் சுவரை மட்டும் விட்டுவிட்டுச் சென்றது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வெயிலோ மழையோ படாத அதன் வடக்கு முகம் முதன்முறையாக வெட்டவெளியில் நின்றது. அந்தப் பக்கத்து உத்திரங்களைப் பிடுங்கிய குழிகள் கண்களைப் போலத் திறந்திருந்தன. மேற்பூச்சு இல்லாத செங்கல். இடையே களிமண் சாந்து. சுவர் பூசித்தருவதாக வாங்கியவர் சொன்னார். மழைக்காலம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டார்.

அப்போது அந்த வீட்டில் குடியிருந்தவர் என் அக்கா. கணவரை இழந்தபின் பிறந்த வீட்டுக்கே திரும்பி, எங்கள் பெற்றோரை இறுதிவரை பார்த்துக்கொண்டவர். 2011 டிசம்பர் 30ஆம் நாள் விடியற்காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. பொதுச் சுவரின் மேற்பகுதி ஓராள் உயரத்துக்குச் சரிந்து, மாடியறையின் கூரையோடு வெற்று மனையில் விழுந்தது. அக்கா கீழே, முற்றத்துக்குத் தெற்கேயுள்ள சிற்றறையில், செபமாலையோடு உட்கார்ந்திருந்ததால் உயிர் தப்பினார். உள்பக்கம் சரிந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறாக இருந்திருக்கும்.

புயலுக்குப்பின் இரண்டு வாரத்தில் வாங்குபவர்கள் வந்தனர். சென்னைத் தம்பி விற்றுவிடலாம் என்றான். அவன் பேராசைக்காரன் அல்லன். மகனின் படிப்புக் கடன் அவன் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது. பாரீசில் இருந்த தம்பி, தாத்தா கட்டிய வீட்டில் கை வைக்கக் கூடாது என்று தொலைபேசியில் அழுதான். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளாக அவன் அந்த வீட்டில் ஓர் இரவும் தங்கியதில்லை. நான் பாரம்பரியம், கலை, வரலாறு என்று பேசினேன். எல்லாரும் பேசி ஓய்ந்தபின் அக்கா சொன்னார்:

"நீங்க எல்லாரும் வீட்டைப் பத்திப் பேசறீங்க. ராத்திரியில கழிப்பறைக்குப் போக நான் மழையில முற்றத்தைத் தாண்டி, கொல்லைவரைக்கும் போறேனே, அதைப் பத்தி யாராவது பேசினீங்களாப்பா? விக்கிறதானாலும் வெச்சிருக்கிறதானாலும், என்னை எங்க வெப்பீங்கன்னு முதல்ல சொல்லுங்க."

அந்தக் கேள்விக்குப்பின் எங்கள் பேச்சின் திசை மாறியது. அதுவரை நாங்கள் சுவர்களைப் பற்றியே வாதிட்டோம். குடியிருப்பவரைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் வழி புலப்பட்டது. லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தில் வியப்பான ஒரு சட்டம் உண்டு: மதில் சூழ்ந்த நகரில் விற்ற வீட்டை, விற்றவர் ஓராண்டுக்குள் மீட்டுக்கொள்ளலாம், அதற்குப்பின் அது வாங்கியவருக்கே நிலையாகும். நகர வீட்டைப் பிரியும் மனிதனுக்கு நிதானிக்க ஓராண்டு தேவை என்பதை அச்சட்டம் அறிந்திருக்கிறது. நாங்கள் அதை முன்கூட்டியே எடுத்துக்கொண்டோம்; ஓராண்டுக்கு விற்பனைப் பேச்சு வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

அந்த ஓராண்டில் முதல் வேலையாக, வீட்டுக்குள்ளேயே அக்காவின் அறையை ஒட்டிக் கழிப்பறையும் குளியலறையும் அமைத்தோம். முகப்பைத் தொடவில்லை. பிறகு பொதுச் சுவர். முதிய கொத்தனார் ஒருவர் திருபுவனைப் பக்கத்திலிருந்து வந்தார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைத்து, சரிந்த பகுதியை மீண்டும் எடுத்தார். சிமெண்டைவிடச் செலவும் நாளும் கூடுதலாயின. மாடியை முழுமையாகக் கட்டாமல் அளவைச் சுருக்கிக்கொண்டோம். ஆண்டு முடிவில் சென்னைத் தம்பியின் பங்கை மற்றவர்கள் மூன்று தவணைகளில் வாங்கிக்கொள்வதென ஒப்பந்தமானது. அவனுக்குச் சந்தை விலை கிடைக்கவில்லை. ஆனால் கடன் அடைந்தது. பாரீஸ்த் தம்பி தன் கண்ணீருக்கு ஏற்ற தொகையை அனுப்பினான் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

இப்படி எல்லாக் குடும்பத்துக்கும் வாய்க்காது என்பதை அறிவேன். எங்கள் வீதியில் இப்போது மூன்று வகை வீடுகள் உள்ளன. இடிக்கப்பட்டு அடுக்குமாடியானவை ஒரு வகை. அழகாகச் செப்பனிட்டு விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறியவை இரண்டாம் வகை. அவற்றில் தூண் பளபளக்கிறது; முற்றத்தில் துளசிக்குப் பதில் மேசை நாற்காலி; வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருவோர் திண்ணையில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்கின்றனர். இதை இழித்துரைக்க மனம் வரவில்லை; அவ்வருவாய் இல்லையேல் அந்த வீடுகளில் பல மண்ணாகியிருக்கும். ஆனால் அங்கே சாவு வீடு இல்லை, பிள்ளைப்பேறு இல்லை. மந்திரித்த வீட்டில் திரு இருதயப் படத்தின்முன் கூடி செபிக்கும் குடும்பமும் இல்லை. மூன்றாம் வகை, இன்னும் குடியிருக்கும் வீடுகள். அவை ஆண்டுக்காண்டு குறைகின்றன.

1870களில் எழுந்த நகராட்சி மாளிகையான மேரி, பல ஆண்டுப் பராமரிப்பின்மைக்குப்பின், 2014 நவம்பர் மழையில் ஒரே நாளில் சரிந்தது. அதை உலக வங்கி நிதியோடு பழைய வடிவிலேயே கட்டி 2021இல் திறந்தனர். மாளிகையை அவ்வாறு மீண்டும் எழுப்பலாம். வரைபடமும் பணமும் இருந்தால் போதும். ஒரு வீதியின் குடிகளை அவ்வாறு மீண்டும் எழுப்ப முடியாது. யார் வீட்டு உத்திரம் யார் சுவரில் அமர்ந்திருக்கிறது என்ற நினைவு, குடியிருப்போர் போனதும் போய்விடுகிறது.

அக்கா 2019இல் இறைவனில் துயில் கொண்டார். அவர் மகள் தன் இரு பிள்ளைகளோடு அங்கே குடியிருக்கிறாள். எங்கள் தலைமுறையும் கழிந்தபின் அந்த வீடு ஒன்பது பங்காகும். அப்போது மீண்டும் ஒரு மேசையைச் சுற்றி அமர்வார்கள். அவர்கள் என்ன முடிவு செய்வார்கள் என்று நான் கட்டளையிட முடியாது. விற்பதும் பாவமன்று, தேவை பெரிதானால் மண் மனிதனுக்காகவே. ஆனால் இந்த இதழை வாசிக்கும் குடும்பங்களில் அத்தகைய ஒரு மேசை இன்று காத்திருக்குமானால், ஒன்றை மட்டும் வேண்டிக்கொள்வேன். சதுர அடியைக் கணக்கிடுமுன், அந்த வீட்டில் இன்றிரவு படுத்துறங்கப் போகிறவர் யார் என்று கேளுங்கள். அவரை முதலில் பேசவிடுங்கள். அடுத்து, பொதுச் சுவரின் மறுபக்கத்தில் படுத்துறங்குபவரையும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.