காபி இல்லாத டிராமிசு

இத்தாலியின் ட்ரெவிஸோ நகரம் உலகுக்குத் தந்த இனிப்பில் ஸ்ட்ராபெரி குடியேறியிருக்கிறது. இது பெயருக்குச் செய்யும் துரோகமா, பூர்வீகத்துக்குத் திரும்பும் வழியா?

வெனிஸிலிருந்து வடக்கே ரயிலில் அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறது ட்ரெவிஸோ. ஆனால் இறங்குபவர்கள் குறைவு. இங்குள்ள சிறிய விமான நிலையத்தில் வந்திறங்கும் வெளிநாட்டவர்களில் பலர், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக வெனிஸ் பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். அவர்கள் தவறவிடுவது, 16-ம் நூற்றாண்டு மதிலுக்குள் அடங்கிய, வாய்க்கால்கள் ஊடுருவிச் செல்லும் ஓர் அமைதியான ஊரை. ஊற்றுகளில் பிறந்த சீலே ஆறு தெற்கு ஓரத்தில் நிதானமாக நகர்கிறது. ஊருக்குள் ஓடும் வாய்க்காலின் நடுவே ஒரு சிறு தீவு. அதன் மேல் மீன் சந்தை. கழிவை நீரே அடித்துச் சென்றுவிடும் என்பதற்காக 19-ம் நூற்றாண்டில் சந்தையைத் தண்ணீருக்கு நடுவே கொண்டுவந்து வைத்தார்கள். அதையொட்டிக் காய்கறி, பழக் கடைகள். குளிர்காலத்தில் அங்கே கருஞ்சிவப்பு ராதிக்கியோ கீரைக்கு மவுசு. வசந்தம் வந்தால் அந்த இடத்தை வெள்ளை அஸ்பாரகஸ் தண்டும், வெரோனா பக்கத்திலிருந்து வரும் ஸ்ட்ராபெரியும் பிடித்துக்கொள்கின்றன.

ஸ்ட்ராபெரி வந்துவிட்டால் இத்தாலிய வீடுகளில் ஒரு காரியம் நடக்கிறது. டிராமிசுவிலிருந்து காபியையும் கோக்கோவையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பழத்தை வைக்கிறார்கள். மற்ற ஊர்களில் இதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. ட்ரெவிஸோவில் அப்படியல்ல. டிராமிசு இந்த ஊரின் கௌரவப் பிரச்னை.

கசாப்புக் கடைத் தெருவில் பிறந்தது

நகரின் நடுநாயகமான பியாட்சா தேய் சின்யோரி சதுக்கத்துக்குப் பின்புறம் லே பெக்கெரியே என்ற உணவகம் இருக்கிறது. பெயருக்குக் 'கசாப்புக் கடைகள்' என்று பொருள். காம்பியோல் குடும்பத்தினர் 1939-ல் தொடங்கியது. இங்கேதான் 1972-ல் டிராமிசு முதன்முதலாக உணவுப் பட்டியலில் ஏறியது என்பது ட்ரெவிஸோவின் வாதம். உணவக உரிமையாளர் ஆடோ காம்பியோலின் மனைவி ஆல்பாவும், சமையல்காரர் ரொபேர்த்தோ லிங்குவானோத்தோவும் சேர்ந்து உருவாக்கியது. லிங்குவானோத்தோ ஐஸ்கிரீமுக்காக முட்டையையும் சர்க்கரையையும் அடித்துக்கொண்டிருந்தபோது, மஸ்கார்போனே என்ற கெட்டியான பாலேட்டுச் சீஸ் கை தவறி அதில் விழுந்துவிட்டது, ருசித்துப் பார்த்தார், நன்றாக இருந்தது. இப்படி ஒரு கதை. குழந்தை பெற்று ஓய்ந்திருந்த ஆல்பாவுக்கு, தெம்பு வர மாமியார் கொடுத்த உணவுதான் மூலம் என்று இன்னொரு கதை. ஊரில் ரகசியமாய்ச் சிரித்துக்கொண்டு சொல்லும் மூன்றாவது கதையும் உண்டு. அந்தக் காலத்து விலைமாதர் விடுதி ஒன்றின் தலைவி, களைத்துப்போன வாடிக்கையாளர்களை மனைவியரிடம் நல்லபடியாக அனுப்பிவைக்க இதைத் தயாரித்தாளாம்.

உணவு எழுத்தாளர் ஜுசெப்பே மாஃபியோலி 1981-ல் எழுதிய கட்டுரையில், இந்த இனிப்பு பிறந்து பத்தாண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது என்று குறிப்பிட்டார். 'கிளாசிக்' என்று உலகம் கொண்டாடும் இந்தப் பண்டத்தின் வயது அவ்வளவுதான். காம்பியோல் குடும்பம் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. அதனாலேயே அது வேகமாகப் பரவியது. 1993-ல் வெளிவந்த 'ஸ்லீப்லெஸ் இன் சியாட்டில்' என்ற ஹாலிவுட் படத்தில், டிராமிசு என்றால் என்னவென்று தெரியாமல் கதாநாயகன் விழிப்பது ஒரு நகைச்சுவைக் காட்சி. இன்று அந்தக் காட்சிக்கு யாரும் சிரிக்கமாட்டார்கள். அந்த அளவுக்கு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பெயர் பிரபலமானதும் பங்காளிகள் கிளம்பினார்கள். பக்கத்து மாநிலமான ஃப்ரியூலி வெனிசியா ஜூலியாவில், ஆல்ப்ஸ் அடிவாரத்து தோல்மெட்சோ ஊரில் நோர்மா பியெல்லி என்பவர் 1950-களிலேயே தன் ஹோட்டலில் டிராமிசு பரிமாறினார் என்று ஆதாரங்களைக் காட்டினார்கள். அதே மாநிலத்தின் பியெரிஸ் கிராமத்தில் மரியோ கோசோலோ கோப்பையில் தந்த இனிப்புக்கும் இதே பெயர். க்ளாரா, ஜீஜி பதோவானி தம்பதி 2016-ல் வெளியிட்ட நூல் இந்தத் தடயங்களைத் தொகுத்தது. 2017-ல் இத்தாலிய விவசாய அமைச்சகம் டிராமிசுவை ஃப்ரியூலியின் பாரம்பரிய உணவுகள் பட்டியலில் சேர்த்தது. அப்போது வெனெத்தோ மாநிலத்தின் கவர்னராக இருந்த லூக்கா ஜாயா, ட்ரெவிஸோ மாவட்டத்துக்காரர். அவர் கொதித்தெழுந்தார். சர்ச்சை இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆடோ காம்பியோல் 2021-லும் லிங்குவானோத்தோ 2024-லும் காலமானபோது, 'டிராமிசுவின் தந்தை' என்றே உலகப் பத்திரிகைகள் இருவரையும் வர்ணித்தன.

பத்திரத்தில் பதிந்த செய்முறை

ட்ரெவிஸோ தன் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. 2010 அக்டோபரில் நோட்டரி ஒருவரின் முன்னிலையில் செய்முறை பத்திரமாகவே பதிவு செய்யப்பட்டது. முட்டை மஞ்சள் கரு 12, சர்க்கரை அரை கிலோ, மஸ்கார்போனே ஒரு கிலோ, சவோயார்தி எனப்படும் விரல் நீள பிஸ்கட் 60, தேவையான அளவு காபி, இனிப்பில்லாத கோக்கோ தூள். அவ்வளவுதான். மது இல்லை, வெள்ளைக் கரு இல்லை. பழம் என்ற பேச்சே இல்லை.

இந்தப் பட்டியலுக்கு வெளியே எதைச் சேர்த்தாலும் அது டிராமிசு ஆகாது என்பது ஆசாரவாதிகளின் கட்சி. காபி இல்லாவிட்டால் பெயரே பொய்யாகிவிடும் என்கிறார்கள். 'திரா' என்றால் இழு, 'மி' என்றால் என்னை, 'சூ' என்றால் மேலே. சோர்ந்து கிடப்பவனைத் தூக்கி நிறுத்துவது காபிதானே? காபி இயந்திரங்களுக்கு உலகப் புகழ்பெற்ற தெ லோங்கி நிறுவனத்தின் தலைமையகமும் இதே ஊரில்தான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அவர்கள் கோபம் புரியும்.

ஆனால் பெயரின் வேர் காபியில் இல்லை. டிராமிசு பிறப்பதற்கு வெகு காலம் முன்பே ட்ரெவிஸோ வீடுகளில் 'ஸ்பாதுதின்' என்றொரு பண்டம் இருந்தது. மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, வெளுத்து நுரைத்து வரும்வரை அடிப்பார்கள். வளரும் குழந்தைகளுக்கும், படுக்கையிலிருந்து எழுந்த நோயாளிகளுக்கும், தள்ளாத முதியவர்களுக்கும் அது தெம்பு. பெரியவர்களின் கிண்ணத்தில் சிறிது காபியோ ஒயினோ சேர்வதுண்டு. குழந்தைக்கு முட்டையும் சர்க்கரையும் மட்டும். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குக் கிளறித் தரும் லேகியத்துக்கும், காய்ச்சல் விட்டவனுக்குக் கொடுக்கும் சத்துக் கஞ்சிக்கும் என்ன இடமோ, அந்த இடம் அதற்கு. அந்தக் கிண்ணத்தோடு மஸ்கார்போனேயும் பிஸ்கட்டும் சேர்ந்ததுதான் டிராமிசு என்று ட்ரெவிஸோவே ஒப்புக்கொள்கிறது. ஆல்பாவின் பிரசவ காலக் கதையும் அங்கேதான் போய் நிற்கிறது.

முரண் இதுதான். பலவீனர்களுக்காகப் பிறந்த உணவு, உணவகத்து மேஜைக்கு வந்த பிறகு அவர்களுக்கே ஆகாததாகிவிட்டது. கடும் காபி குழந்தைக்கு ஆகாது. தூக்கம் வராத தாத்தாவுக்கும் ஆகாது. பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால், கர்ப்பிணிகளும் நோயாளிகளும் அதைத் தொடக்கூடாது என்கிறது மருத்துவம். ஆக, யாரைத் தூக்கி நிறுத்த அந்தக் கிண்ணம் உண்டானதோ அவர்கள் எல்லோரும் பந்திக்கு வெளியே. ஸ்ட்ராபெரி டிராமிசு அவர்களை மீண்டும் உள்ளே அழைக்கிறது.

அடுப்பில்லாச் சமையல்

செய்வது சுலபம். பிஸ்கட்டைக் கடையில் வாங்கிவிட்டால் ஓவன் தேவையே இல்லை. பொறுமை மட்டும் வேண்டும். ஆறு பேருக்கு ஸ்ட்ராபெரி அரை கிலோ, மஸ்கார்போனே 250 கிராம், குளிர்ந்த கிரீம் 200 மில்லி, சர்க்கரை 125 கிராம், எலுமிச்சை அரை மூடி, சவோயார்தி பிஸ்கட் 20 முதல் 24 வரை.

பழத்தைக் கழுவி, ஈரம் துடைத்து, அதன் பிறகே காம்பைக் கிள்ள வேண்டும். முதலிலேயே கிள்ளிவிட்டால் பழம் தண்ணீர் குடித்துவிடும். மெல்லிய வில்லைகளாக நறுக்கி, 50 கிராம் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து ஒரு மணி நேரம் ஊறவிட்டால், சர்க்கரை பழத்தின் நீரை வெளியே இழுத்துவிடும். கிண்ணத்தின் அடியில் மாணிக்க நிறத்தில் சாறு தேங்கும். காபி வகித்த பதவி இனி இந்தச் சாற்றுக்கு. சாறு போதாவிட்டால் ஒரு கைப்பிடி வில்லைகளை மசித்து, சிறிது தண்ணீர் விட்டு, வடிகட்டிச் சேர்க்கலாம். வடிகட்டுவது அவசியம். காபி நீர்த்திருப்பதால் பிஸ்கட்டுக்குள் சட்டென இறங்கும். கெட்டியான பழக்கூழ் மேலேயே தங்கிவிடும். உள்ளே பிஸ்கட் வறண்டு கிடக்கும்.

கிரீமை மீதிச் சர்க்கரையோடு குழையாமல் நிற்கும் பதத்துக்கு அடித்து, மஸ்கார்போனேயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். இங்கே பீட்டர் அதிக நேரம் ஓடினால் ஆபத்து. கொழுப்பு பிரிந்து வெண்ணெய்த் திவலைகளாகிவிடும். முட்டை இல்லாமல் ஸ்பாதுதின் மணம் வராது என்று நினைப்பவர்கள், மூன்று மஞ்சள் கருக்களை அந்தச் சர்க்கரையோடு, கொதிக்கும் நீரின் மேல் வைத்த கிண்ணத்தில் விடாமல் அடித்து, 70 டிகிரி செல்ஷியஸைத் தாண்டவிட்டு, ஆறிய பிறகு சேர்க்கலாம். நன்கு கொதித்துக் கெட்டியான சர்க்கரைப் பாகை மஞ்சள் கருவில் ஊற்றி அடிப்பது இத்தாலியத் தொழில்முறை சமையல்காரர்கள் வழி. எப்படியானாலும் பச்சை வாடையும் போகும், பயமும் போகும்.

பிறகு அடுக்குவதுதான். பிஸ்கட்டைச் சாற்றில் ஒரு புரட்டுப் புரட்டி உடனே எடுக்க வேண்டும். ஊறவிட்டால் கையிலேயே பிட்டுக்கொள்ளும். பிஸ்கட், கிரீம், பழ வில்லை. மறுபடி பிஸ்கட், கிரீம். மூடி, குளிர்பெட்டியில் ஆறு மணி நேரம். ஓர் இரவு முழுக்க இருந்தால் இன்னும் நல்லது. பிஸ்கட்டும் கிரீமும் ஈரத்தைப் பங்கிட்டுக்கொண்டு ஒரே பதத்துக்கு வர அவ்வளவு நேரம் வேண்டும். மேலே அலங்கரிக்கும் பழத்தைப் பரிமாறும்போதுதான் வைக்க வேண்டும்; முன்கூட்டியே வைத்தால் நீர் விட்டு கிரீமில் சிவப்புக் கோடுகள் இறங்கும்.

எந்தப் பழம் வேண்டுமானாலும் சேரும் என்று நினைத்துவிடக் கூடாது. பச்சை அன்னாசியிலும் கிவியிலும் புரதத்தை உடைக்கும் நொதிகள் உண்டு. பால் பொருளோடு சேர்ந்து நின்றால் கசக்கும், கிரீமும் நீர்த்துவிடும். அன்னாசியைச் சர்க்கரையோடு ஒரு கொதி விட்டால் அந்தக் குணம் அடங்கிவிடும். பீச் பழமும் செர்ரியும் ட்ரெவிஸோ வட்டாரத்தில் கோடைக்குக் கைகொடுக்கின்றன.

மாம்பழமும் உள்ளே வரலாம்

இந்தியாவில் இந்தக் கதை வேறு திசையில் போயிருக்கிறது. இங்குள்ள பேக்கரிகள் முதலில் நீக்கியது காபியை அல்ல, முட்டையை. பிறகு மாம்பழத்தைச் சேர்த்தன. மாம்பழச் சாறு கெட்டியானது என்பதால் ஆரஞ்சுச் சாறு விட்டு நீர்க்கச் செய்துதான் பிஸ்கட்டைத் தோய்க்க வேண்டும். மஹாராஷ்டிரத்தின் மஹாபலேஷ்வர் ஸ்ட்ராபெரிக்கு 2010-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குளிர்காலம் முதல் வேனில் தொடக்கம்வரை அது கைக்கு எட்டும். மஸ்கார்போனேதான் விலை அதிகம். ஆனால் அதன் ரகசியம் நமக்குப் புதிதல்ல. நல்ல கொழுப்புள்ள கிரீமை 85 டிகிரி வரை சூடாக்கி, எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டு, கெட்டிப்பட்டதும் துணியில் கட்டி குளிர்பெட்டியில் ஓரிரவு வடியவிட வேண்டும். பனீருக்குப் பாலைத் திரிப்பவர்களுக்கு இது பழகிய வேலை.

ட்ரெவிஸோவிலும் கதவு லேசாகத் திறந்திருக்கிறது. 2017 முதல் அங்கே டிராமிசு உலகக் கோப்பைப் போட்டி நடக்கிறது. தொழில்முறை சமையல்காரர்களுக்கு அனுமதி இல்லை. வீட்டில் சமைப்பவர்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம். ஒரு பிரிவு மூலச் செய்முறைக்கு. இன்னொரு பிரிவு கற்பனைக்கு. அதில் புதிய பொருட்களைச் சேர்க்கலாம், பிஸ்கட்டையே மாற்றலாம். பத்திரம் எழுதிப் பூட்டிய ஊரே பக்கத்தில் இன்னொரு மேஜையும் போட்டுவிட்டது.

மார்ச் 21 இத்தாலியில் டிராமிசு தினம். வசந்தத்தின் தொடக்கமும் அன்றுதான் என்பதால் சந்தையில் முதல் ஸ்ட்ராபெரிகள் தலைகாட்டத் தொடங்கும் நேரம். காபி போட்ட தட்டு அன்று பெரியவர்களுக்கு. சிவப்பு வில்லை பதித்த கிண்ணம் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பாட்டிக்கும். பெயர் கேட்ட காரியத்தை இரண்டில் எது அதிகம் செய்கிறது என்பதை அந்தப் பாட்டியிடம்தான் கேட்க வேண்டும்.